திரையைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீங்க!
புது டி.வி. வாங்குவோருக்குப் பத்து நிமிஷப் பரீட்சை

ஆடித் தள்ளுபடி, தீபாவளித் தள்ளுபடி என்று வந்துவிட்டால் போதும். தி.நகர் உஸ்மான் ரோட்டில் டி.வி. பெட்டிகள் ஆட்டோவிலும் குட்டி யானையிலும் ஏறிக்கொண்டே இருக்கும்.

ஆயிரம் ரூபாய் சேலைக்குப் பத்து சேலையை உதறிப் போடச் சொல்லி, வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறவர்கள்தான் நம்மவர்கள். ஆனால் முப்பதாயிரம் ரூபாய் டி.வி.யை மட்டும் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள்!

"கடையில பளபளன்னு ஓடிச்சே" என்பார்கள். கடையில் ஓடியது காட்சிக்கு வைத்த பெட்டி. வீட்டுக்கு வருவது குடோனில் இருந்து வரும் வேறு பெட்டி. கடையில் ஓடும் மயிலும் பழக்கூடையும் கண்ணைப் பறிக்கும். அந்தப் பளபளப்பில் திரையின் குறை தெரியாது.

83 லட்சம் புள்ளிகள்

4கே டி.வி. திரையில் குறுக்கே 3,840, நெடுக்கே 2,160 புள்ளிகள். மொத்தம் 82,94,400. ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று துண்டு.

புள்ளி செத்துப்போனால் எந்தப் படம் ஓடினாலும் அந்த இடத்தில் கறுப்புப் பொட்டு. ஒரு துண்டு மட்டும் அணையாமல் நின்றுவிட்டால் சிவப்போ பச்சையோ நீலமோ விடாமல் மின்னிக்கொண்டிருக்கும்.

ஒன்றிரண்டு புள்ளி போனதற்காகப் பெட்டியை மாற்றித் தரப் பல கம்பெனிகள் சம்மதிப்பதில்லை. எத்தனை புள்ளி போனால் மாற்றுவார்கள் என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். பணம் கட்டும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

ஆறு படம் போதும்

இதைக் கண்டுபிடிக்க மெக்கானிக் வேண்டாம். முழுக் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம், சாம்பல். இப்படி ஆறு வெறும் கலர்ப் படங்களை ஒரு பென் டிரைவில் போட்டு டி.வி.யில் செருகினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

கறுப்பு வரும்போது அறை விளக்கை அணைத்துவிட வேண்டும். எல்.இ.டி. டி.வி.யில் ஓரத்தில் லேசாக வெளிச்சம் கசிவது சகஜம். டார்ச் அடித்த மாதிரி ஒரு மூலை மட்டும் வெளுத்திருந்தால் அது குறை.

வெள்ளையில் கறுப்புப் பொட்டும் மஞ்சள் திட்டும் தெரியும். சிவப்பு, பச்சை, நீலத்தில் நிறம் மாறிய புள்ளி தெரியும். மெல்லிய துணியால் துடைத்தால் போய்விடுவது வெறும் தூசு. போகாததுதான் வில்லங்கம்!

சாம்பலில் கோடு கோடாக அழுக்குப் படிந்த மாதிரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் கிரிக்கெட்டில் பந்து பவுண்டரிக்கு ஓடும்போதெல்லாம் பச்சைத் தரையில் அந்தக் கோடும் கூடவே ஓடும்.

உடைத்தது யார்?

எல்லாவற்றையும் விடப் பெரிய ஆபத்து கீறல். சென்னையில் டி.வி. வந்தது 1975-ல். அந்தக் காலத்துப் பெட்டி பழுதானால் மெக்கானிக் உள்ளே ஒரு சாமானை மாற்றி ஓட வைத்துவிடுவார். இன்றைக்கு டி.வி. விலையில் பெரும்பங்கு அந்தத் திரைக்குத்தான். அது உடைந்தால் புதுத் திரைக்கு ஆகும் செலவில் புது டி.வி.யே வாங்கிவிடலாம் என்பதுதான் பல சமயம் நிலைமை.

உடைப்புக்கு வாரண்டி கிடையாது. "பெட்டியில இருந்தபடியே உடைஞ்சிருந்ததுங்க" என்பார் வாங்கியவர். "நீங்கதான் சார் இடிச்சிருப்பீங்க" என்பார் கம்பெனி ஆள். சாட்சி இல்லாவிட்டால் நஷ்டம் வாங்கியவர் தலையில்தான். உடைந்த டி.வி.க்கும் மாதாமாதம் தவணை கட்டியாக வேண்டும்!

அதனால், பெட்டி கொண்டுவந்த ஆள் கிளம்பும் முன்பே சீலைப் பிரித்து, டி.வி.யைப் போட்டுப் பார்த்துவிட வேண்டும். முதலில் இருந்து கடைசி வரை செல்போனில் படம் பிடிக்க வேண்டும். பெட்டி, டி.வி.யின் முதுகு, பில் மூன்றிலும் வரிசை எண் ஒன்றாக இருக்க வேண்டும்.

"கம்பெனி ஆள் வந்துதான் பிரிக்கணும்" என்று சொன்னால், பெட்டி நசுங்கியிருக்கிறதா, ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பார்த்து, அதை ரசீதிலேயே எழுதிக் கையெழுத்துப் போடலாம்.

சொந்தமாக எடுத்துவருகிறவர்கள் பெட்டியை நிறுத்தியபடியே கொண்டுவர வேண்டும். ஆட்டோவில் மடியில் படுக்கப் போட்டால் ஒரு பள்ளம் போதும், திரை போய்விடும்.

1915-க்குப் போன்

கடைக்காரர் கையை விரித்தால் வீட்டில் உட்கார்ந்து புலம்ப வேண்டியதில்லை. நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் 2019-ம் வருஷச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது. ஆனால் பில் வேண்டும். "பில் இல்லாம ரெண்டாயிரம் குறைச்சுத் தர்றேன்" என்ற பேச்சுக்கு மயங்கினால் கதை அங்கேயே முடிந்தது.

நல்ல கடைக்காரர் இந்தச் சோதனைக்கெல்லாம் முகம் சுளிக்க மாட்டார். பழுதான பெட்டியைத் திருப்பி எடுத்துப்போவது அவருக்கும் செலவுதானே! முகம் சுளித்தால் அடுத்த கடை பக்கத்திலேயே இருக்கிறது.