செகண்ட் ஹேண்ட் மினி எஸ்.யு.வி. வாங்க போறீங்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படிங்க!

அழகர்கோவில்,

உயரமான வண்டி, குடும்பத்தோடு உட்காரலாம், மேடு பள்ளத்தில் அடி தட்டாது. புதுசு வாங்க வசதி இல்லாவிட்டாலும் பழசு பாதி விலைக்கும் கீழே கிடைக்கிறது. இந்தக் கணக்கில்தான் அழகர்கோவில், அப்பன்திருப்பதி, கடச்சனேந்தல் பக்கம் செகண்ட் ஹேண்ட் மினி எஸ்.யு.வி. தேடுகிறார்கள்.

ஆனால் வண்டி விலை மட்டும் செலவு இல்லை. நகையை அடகு வைத்து வண்டி எடுத்தவர், 6 மாதத்தில் டர்போ போச்சு, கிளட்ச் போச்சு என்று ஒர்க்‌ஷாப் வாசலில் நின்றால் வட்டியும் ஏறும், வண்டியும் ஓடாது.

விலை ஏன் குறைவு?

இந்த ரகத்தில் மலிவாகக் கிடைப்பது போர்டு எக்கோஸ்போர்ட். சென்னை அருகே மறைமலைநகரில் தயாரான இந்த வண்டி, 2013 ஜூனில் ரூ.5.59 லட்சம் ஆரம்ப விலையில் விற்பனைக்கு வந்தது. இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் போர்டு அறிவித்தது. 2022 ஜூலையில் கடைசி வண்டி வெளியே வந்தது.

சர்வீசும் உதிரி பாகமும் தொடரும் என்று கம்பெனி சொன்னது. என்றாலும் கம்பெனியே போய்விட்டதே என்ற பயத்தில் பழைய வண்டியின் விலை இறங்கிவிட்டது. வாங்குபவருக்கு லாபம்தான். ஆனால் எந்த என்ஜின், எந்த கியர் என்று பார்த்து எடுக்க வேண்டும்.

ஆட்டோமேட்டிக் என்றால் உஷார்

2017-க்கு முந்தைய பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கில் இருப்பது இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ். நெரிசலில் ஊர்ந்து போனால் குலுங்கும், சில நேரம் இழுக்காது. இதே ரக கியர்பாக்ஸ் புகார்களைச் சரியாகக் கையாளவில்லை என்று ஆஸ்திரேலிய கோர்ட்டு 2018-ல் போர்டுக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. கிளட்ச் செட் மாற்றினால் செலவு லட்சத்தை நெருங்கிவிடும்.

1 லிட்டர் டர்போ பெட்ரோலில் டைமிங் பெல்ட் என்ஜின் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது. ஆயிலை நேரத்துக்கு மாற்றாவிட்டாலும், வேறு ரக ஆயில் ஊற்றினாலும் பெல்ட் உதிர்ந்து ஆயில் பாதையை அடைக்கும். அப்புறம் என்ஜின் வேலைதான். சர்வீஸ் பில் இல்லாத வண்டி என்றால் கும்பிடு போட்டு வந்துவிடுவது நல்லது.

1.5 லிட்டர் டீசல் மேனுவல்தான் உழைக்கிற வண்டி. ஆனாலும் லட்சம் கிலோமீட்டர் தாண்டினால் கைச்செலவு உண்டு.

எவ்வளவு ஆகும்?

வெளி ஒர்க்‌ஷாப்பில் பொருள், கூலி சேர்த்து டீசல் வண்டிக்குத் தோராயக் கணக்கு இது. கடைக்குக் கடை மாறும்.

* கிளட்ச் செட்: ரூ.15 ஆயிரம் முதல் 25 ஆயிரம்
* டைமிங் பெல்ட் செட்: ரூ.10 ஆயிரம் முதல் 15 ஆயிரம்
* டர்போ: ரூ.30 ஆயிரத்துக்கு மேல்
* புது இன்ஜெக்டர் ஒன்று: ரூ.15 ஆயிரத்தை ஒட்டி (மொத்தம் 4 உண்டு)
* ஏ.சி. கம்ப்ரசர்: ரூ.18 ஆயிரத்துக்கு மேல்
* 4 டயர்: ரூ.24 ஆயிரம் முதல் 32 ஆயிரம்

டயரும் கிளட்சும் சேர்ந்து வந்தாலே அரை லட்சம் பறந்துவிடும்.

மலையேற்றிப் பாருங்க

புரோக்கர் "வண்டி சும்மா கும்முன்னு இருக்கு" என்பார். காலையில் என்ஜின் சூடாகும் முன் நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. கரும்புகை தொடர்ந்து வந்தால் டர்போ, இன்ஜெக்டரைச் சோதிக்க வேண்டும்.

அழகர்கோவிலில் இருந்து பழமுதிர்சோலைக்கு ஏறும் பாதை நல்ல பரீட்சை. என்ஜின் இரைந்தும் வேகம் கூடாவிட்டால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. இறங்கும்போது பிரேக்கைக் கவனியுங்கள். வேகத்தடையில் 'டொக் டொக்' என்றால் சஸ்பென்ஷன் புஷ் காலி. ஸ்டெப்னி பின்கதவில் தொங்குவதால் கதவுக் கீல் ஆடுகிறதா என்றும் பாருங்கள்.

சீட் பெல்ட்டை முழுசாக இழுங்கள். அடியில் சேற்றுக் கறை இருந்தால் வெள்ளத்தில் மூழ்கிய வண்டியாக இருக்கலாம். 2015, 2023 வெள்ளங்களில் தமிழ்நாட்டில் ஏராளமான கார்கள் மூழ்கின.

பதினெட்டாம்படி கருப்பணசாமி முன்னால் பொய் சத்தியம் செய்ய மதுரைக்காரர்கள் பயப்படுவார்கள். ஆனால் கிலோமீட்டரைக் குறைத்து வைப்பவர் அந்தப் பக்கம் வருவதில்லை. பழைய சர்வீஸ் பில்லோடு மீட்டரை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆர்.சி. முக்கியம்

ஆர்.சி.யில் பைனான்ஸ் பெயர் இருந்தால் கடன் முடிந்த சான்றும் படிவம் 35-ம் கேளுங்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. இன்சூரன்சையும் உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். சொந்த போர்டு வண்டியை வாடகைக்கு ஓட்டினால் அபராதம், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் சிக்கல்.

கையில் உள்ள பணத்தில் 5-ல் 1 பங்கை ரிப்பேருக்கு ஒதுக்குங்கள். 4 லட்சம் இருந்தால் 3.20 லட்சத்துக்கு வண்டி தேடுங்கள். தெரிந்த மெக்கானிக்குக்கு ஆயிரம், இரண்டாயிரம் கொடுத்துக் கூட்டிப் போங்கள். அவர் 'வேண்டாம்' என்று சொன்னாலும் அந்தப் பணம் வீண் இல்லை.