மரபணு ரிப்போர்ட்டை யார் படித்துச் சொல்வது?

நோன்பு தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன் நமது மருத்துவ உதவிப் பிரிவுக்கு ஒரு சகோதரி தம் தம்பியோடு வந்திருந்தார். வயது முப்பத்தைந்துக்குள் இருக்கும். அவருடைய லாத்தாவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்து, சிகிச்சை முடிந்து வீட்டில் இருக்கிறார். "எதற்கும் நீயும் பார்த்துக்கொள்" என்று யாரோ சொல்ல, இந்தச் சகோதரி சீட்டுப் பணத்தை எடுத்து மரபணுப் பரிசோதனை செய்துவிட்டார். கையில் பதினெட்டுப் பக்க ரிப்போர்ட். பி.ஆர்.சி.ஏ.2 என்ற மரபணுவில் ஒரு மாற்றம் இருப்பதாக அதில் எழுதியிருந்தது.

"மார்பகத்தை எடுத்துவிட வேண்டும் என்கிறார்கள் பாய். ஆபரேஷனுக்கு உதவி கிடைக்குமா?" என்று தம்பி கேட்டார். யார் சொன்னது என்று விசாரித்தோம். டாக்டர் யாரும் சொல்லவில்லை. சொந்தத்தில் ஒருவர் நெட்டில் பார்த்துச் சொல்லியிருக்கிறார்.

நம்மிடம் கல்வி உதவி பெற்று எம்.பி.பி.எஸ். மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருவர் அன்று அலுவலகத்தில் இருந்தார். நன்றாகப் படிப்பவர். ரிப்போர்ட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்த மரபணுவைப் பற்றிப் பரீட்சையில் எழுதியிருக்கிறேன். ஆனால் இப்படி ஒரு ரிப்போர்ட்டை இன்றைக்குத்தான் கண்ணால் பார்க்கிறேன்" என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்தப் பிள்ளையை நாம் குறை சொல்ல முடியாது. அவருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியது என்ன என்று சில பேராசிரியர்களிடம் கேட்டறிந்ததைத்தான் இங்கே எழுதுகிறோம். மருத்துவமோ உயிரிமருத்துவ அறிவியலோ படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரும் இதைப் படிக்க வேண்டும் என்பது நம் விருப்பம்.

முதலில் அடிப்படை. நம் செல்களுக்குள் இருக்கும் டிஎன்ஏ என்பது ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் கொண்ட ஒரு பெரிய ஏடு. அதில் சுமார் 20,000 மரபணுக்கள் உள்ளன. செல் எப்போது பெருக வேண்டும், எப்போது நிற்க வேண்டும், பழுதானால் எப்படிச் சரிசெய்ய வேண்டும் என்ற கட்டளைகளும் அந்த ஏட்டில்தான் இருக்கின்றன. இந்தக் கட்டளைகளில் எழுத்துப் பிழைகள் சேரச் சேர, செல் அடங்காமல் பெருகுவதே புற்றுநோய். இந்தப் பிழைகளை மொத்தமாகப் படித்தறிவதே புற்றுநோய் மரபணுத்தொகுதியியல்.

பிழைகள் இரு வகை. புகை, வெயில், வயது போன்ற காரணங்களால் வாழ்நாளில் ஏதோ ஓர் உறுப்பில் மட்டும் உண்டாகும் பிழை ஒன்று. அது அந்தக் கட்டியோடு சரி, பிள்ளைகளுக்குப் போகாது. தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ பிறவியிலேயே வந்து, எல்லாச் செல்களிலும் இருக்கும் பிழை மற்றொன்று. நூறு புற்றுநோயாளிகளில் ஐந்து முதல் பத்துப் பேருக்கே நோய் இப்படிப் பரம்பரையாக வருகிறது. கட்டியின் துண்டை எடுத்துச் செய்த ரிப்போர்ட் வேறு, இரத்தத்தில் செய்த ரிப்போர்ட் வேறு. இதைப் பிரித்துச் சொல்லத் தெரியாத ஒருவர், கட்டியில் மட்டும் உள்ள பிழையைப் பார்த்துவிட்டு, நோயாளியின் மகளைப் பயமுறுத்திவிட முடியும்.

இவையெல்லாம் பாடத்திட்டத்தில் இல்லாமல் இல்லை. 2019 முதல் நம் நாட்டில் எம்.பி.பி.எஸ். படிப்பு திறன் அடிப்படையிலான பாடத்திட்டத்துக்கு மாறியது. நோயாளியிடம் பேசும் முறை, மருத்துவ நெறிமுறை ஆகியவையும் அதில் பாடமாயின. ஆனால் உயிர்வேதியியலில் மரபணு, நோயியலில் கட்டி, மருந்தியலில் மருந்து, அறுவை சிகிச்சையில் கத்தி என்று புற்றுநோய் நான்கு இடத்தில் நான்கு துண்டாகக் கிடக்கிறது. தைத்துக் கொடுக்க ஆள் வேண்டும். அந்தப் பக்கம் பயோடெக்னாலஜியும் உயிரிமருத்துவமும் படிக்கும் பிள்ளைகள் டிஎன்ஏவைப் படிக்கும் இயந்திரத்தைப் பற்றி நன்றாகவே கற்கிறார்கள். அந்த மாதிரிக்குப் பின்னால் இருக்கும் மனிதரைத்தான் அவர்கள் பார்ப்பதில்லை.

எங்கிருந்து தொடங்குவது? ஒரு தாளும் பேனாவும் போதும் என்று அந்தப் பேராசிரியர்களில் ஒருவர் சொன்னார். அவர் சொன்ன கதை இது. 1895-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆல்ட்ரெட் வார்தின் என்ற நோயியல் மருத்துவர் இருந்தார். அவர் வீட்டுக்குத் துணி தைத்துக் கொடுத்த பெண், தன் குடும்பத்தில் எல்லோரும் குடலிலோ கருப்பையிலோ புற்றுநோய் வந்தே சாகிறார்கள், தானும் அப்படித்தான் சாவேன் என்று வருந்திச் சொன்னார். சொன்னபடியே கருப்பைப் புற்றுநோயில் இறந்தும் போனார். வார்தின் அந்தக் குடும்பத்தின் வம்சாவளியை வரைந்து, 1913-இல் வெளியிட்டார். பிற்பாடு ஹென்றி லிஞ்ச் என்ற மருத்துவர் இத்தகைய குடும்பங்களை ஆராய்ந்தார். இன்று அந்த நோய்க்கு லிஞ்ச் நோய்க்குறி என்றே பெயர். அதற்குக் காரணமான மரபணு கண்டுபிடிக்கப்பட நூறாண்டு ஆனது. தையல்காரப் பெண் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டதுதான் முதல் பரிசோதனை.

நம் வீடுகளில் இந்த வம்சாவளியை வரைவது லேசான காரியமில்லை. "பெரியம்மா வயிற்றுவலியில் மவுத்தானார்" என்பார்கள். என்ன வலி என்று எவருக்கும் தெரியாது. சம்பந்தம் பேசும் இடத்தில் கெட்டுப்போகும் என்று நோயின் பெயரையே மறைத்திருப்பார்கள். இன்னொரு தவறு, மார்பகப் புற்றுநோய் பெண்களின் நோய் என்பதால் உம்மா வழியை மட்டும் விசாரிப்பது. பி.ஆர்.சி.ஏ. பிழை வாப்பா வழியாகவும் அதே அளவுக்கு வரும். வாப்பாவுக்கு எந்த நோயும் இல்லாமலே இருக்கலாம், அவருடைய சகோதரிக்கு வந்திருக்கும். பெற்றோரில் ஒருவருக்குப் பிழை இருந்தால் ஆணோ பெண்ணோ ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர சரிபாதி வாய்ப்பு உண்டு. சொந்தத்தில் கட்டிக்கொடுத்ததால் வந்த வினை என்று சிலர் பேசுவதையும் கேட்டிருக்கிறோம். சொந்தத் திருமணத்தால் கூடும் நோய்கள் வேறு; அவற்றுக்கு இரு பக்கமும் பிழை இருக்க வேண்டும். இதற்கு ஒரு பக்கம் போதும்.

இனி அந்த ரிப்போர்ட்டுக்கு வருவோம். கண்டறியப்படும் எந்த மாற்றத்தையும் ஐந்து வகையில் ஒன்றாகப் பிரிக்கிறார்கள். நோய் தருவது, அநேகமாக நோய் தருவது, நிச்சயமில்லாதது, அநேகமாகத் தீங்கற்றது, தீங்கற்றது. 2015 முதல் உலகெங்கும் ஆய்வகங்கள் பெரும்பாலும் இந்த முறையைத்தான் பின்பற்றுகின்றன. நம் சகோதரியின் ரிப்போர்ட்டில் இருந்தது நடுவில் உள்ளது. 'வி.யு.எஸ்.' என்று மூன்று எழுத்தில் போட்டிருந்தது. அதற்கு, இந்த மாற்றம் நல்லதா கெட்டதா என்று இப்போதைக்குச் சொல்ல முடியாது என்று பொருள். அதை மட்டும் வைத்துக்கொண்டு எந்த உறுப்பையும் எடுக்கக் கூடாது. மேலும் விவரம் சேரும்போது இத்தகைய மாற்றங்களில் பெரும்பாலானவை தீங்கற்றவை என்றே தெரியவருகின்றன.

உண்மையிலேயே நோய் தரும் பி.ஆர்.சி.ஏ.1 பிழை உள்ள பெண்களில் நூற்றுக்கு எழுபது பேர் வரை எண்பது வயதுக்குள் மார்பகப் புற்றுநோய்க்கு ஆளாகிறார்கள். அங்கே ஆபரேஷன் யோசிக்க வேண்டிய விஷயம்தான். இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் ஆபத்து.

இந்த நிச்சயமில்லாத பதில் நம்மவர்களுக்கு அதிகமாக வருவதற்கும் காரணம் உண்டு. ஒரு மாற்றம் சாதாரணமானதா என்று அறிய, ஆரோக்கியமான பலருடைய டிஎன்ஏவோடு ஒப்பிட வேண்டும். உலகத் தரவுகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சத்தாருடையது. நம் ஊரில் சர்வசாதாரணமாக இருக்கும் ஓர் எழுத்து அங்கே அபூர்வமாகத் தெரியும். 10,000 இந்தியர்களின் மரபணுத்தொகுதியைப் படித்த ஜீனோம் இந்தியா திட்டம் இந்தக் குறையைக் கொஞ்சம் போக்கும்.

இந்தப் படிப்பால் மருந்தும் பிறந்திருக்கிறது. நாள்பட்ட ஒரு வகை இரத்தப் புற்றுநோயில் 9-ஆம் குரோமோசோமின் துண்டும் 22-ஆம் குரோமோசோமின் துண்டும் இடம் மாறியிருப்பதை 1973-இல் ஜேனட் ரௌலி கண்டறிந்தார். அந்த இடமாற்றத்தால் உண்டாகும் புரதத்தை முடக்கும் இமாடினிப் மாத்திரை 2001-இல் வந்தது. அதுவரை பெரும்பாலும் உயிரைப் பறித்த நோய், மாத்திரை போட்டுக்கொண்டு பல்லாண்டு வாழக்கூடிய நோயானது. ஆனால் விலை? நோவார்டிஸ் நிறுவனத்தின் கிளிவெக் அப்போது மாதத்துக்கு ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் இருந்தது. அதன் காப்புரிமை விண்ணப்பத்தை 2006-இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் நிராகரித்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதனால்தான் அதே மருந்து இந்திய நிறுவனங்களிடமிருந்து அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான விலையில் தொடர்ந்து கிடைத்தது. மருந்து விலைக்காக நம்மிடம் மனு கொடுத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். மாணவர்கள் மூலக்கூறோடு சேர்த்து இந்த வழக்கையும் படிக்க வேண்டும் என்பது நம் கருத்து.

கற்பிக்கப் பெரிய செலவு ஆகாது. அமெரிக்காவில் 2006-இல் தொடங்கிய புற்றுநோய் மரபணு வரைபடத் திட்டம், 33 வகைப் புற்றுநோய்களில் 11,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் தரவுகளைச் சேர்த்தது. அதைச் 'சிபயோபோர்ட்டல்' என்ற தளத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். இரண்டு மருத்துவ மாணவர், இரண்டு உயிரிமருத்துவ மாணவர் என்று ஒரு மேசையில் உட்காரவைத்து, பெயர் நீக்கிய ஒரு ரிப்போர்ட்டைக் கொடுத்து, "இதை ஒரு உம்மாவுக்குத் தமிழில் சொல்" என்றால் போதும். ஆங்கிலத்தில் மடமடவென்று எழுதுகிற பிள்ளைகள் அங்கே தடுமாறுவார்கள். அந்தத் தடுமாற்றம் வகுப்பறையிலேயே வந்துவிடுவது நல்லது. கேட்டதை வெளியே சொல்லாத அமானிதத்தையும் அங்கேயே பழக வேண்டும். ஒரு பெண்ணின் ரிப்போர்ட் அவருடைய தங்கைகளின் கல்யாணம் வரை போகும்.

அந்தச் சகோதரியை ஒரு மரபணு ஆலோசகரிடம் அனுப்பினோம். மாணவியையும் உடன் போகச் சொன்னோம். ஆலோசகர் ரிப்போர்ட்டைத் தொடவேயில்லையாம். முக்கால் மணி நேரம் குடும்பத்தைப் பற்றியே கேட்டு, வட்டமும் சதுரமுமாக வரைந்திருக்கிறார். பிறகு, "நோய் வந்தவர் லாத்தா. பரிசோதனையை அவரிடமிருந்து அல்லவா தொடங்கியிருக்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறார். லாத்தாவின் இரத்தம் போனது. அவரிடம் நோய் தரும் பிழை எதுவும் இல்லை, தங்கையிடம் கண்ட அந்த மாற்றமும் இல்லை. குடும்பத்தில் நோய் வந்ததற்கு அந்த மாற்றம் காரணமில்லை என்று ஆனது. லாத்தாவுக்கு நோய் வந்த வீடு என்பதால் தங்கை குறித்த காலத்தில் மார்பகப் பரிசோதனை செய்துகொண்டு வர வேண்டும், அவ்வளவுதான். ஆபரேஷன் உதவிக்கான மனுவைத் தம்பியே வந்து திரும்ப வாங்கிக்கொண்டு போனார். மாணவி இப்போது தம் வீட்டு வம்சாவளியை வரைந்துகொண்டிருக்கிறார். வாப்பா வழியில் இரண்டு பேரைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டேன் என்கிறார்களாம்.