எட்டு கோர் இருந்தால் இணையம் எட்டு மடங்கு வேகமாகுமா?

படிவம் ஐந்து மாணவர் ஒருவர் தம் கட்டுரையில், "எட்டு கோர் உள்ள கணினியில் இணையம் எட்டு மடங்கு வேகமாகும்" என்று எழுதியிருந்தார. வாக்கியத்தில் பிழை இல்லை, கருத்தில்தான் பிழை. ஆனால் ஏன் பிழை என்று எனக்கே அப்போது சொல்லத் தெரியவில்லை. படித்துப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல். நம்மிடையே 'செயலி' என்றாலே கைப்பேசி ஆப்தான் நினைவுக்கு வருகிறது, இல்லீங்களா? அதனால் மாணவர்களே, கணினியின் மூளையை 'நுண்செயலி' என்றே எழுதுங்கள். அதற்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிதான் 'கோர்'.

இணையத் தரவு சிறுசிறு பொட்டலங்களாக வரும். பொட்டலம் வந்ததும் நெட்வொர்க் கார்டு, 'வந்திருக்கு, எடுத்துக்க' என்று நுண்செயலிக்குக் குறுக்கீடு அனுப்பும். எல்லாக் குறுக்கீடும் ஒரே கோருக்குப் போனால் அது திணறும். மற்றவை சும்மா இருக்கும்.

அப்படியானால் வரிசையாக ஆளுக்கொன்று கொடுத்துவிடலாமே? இங்கேதான் சிக்கல். விடைத்தாள் திருத்தும் அறையை நினைத்துப் பாருங்கள். ஒரு மாணவரின் முதல் பக்கம் என்னிடம், இரண்டாம் பக்கம் உங்களிடம் என்றால் என்ன ஆகும்? நீங்கள் சீக்கிரம் முடித்துவிட்டால் இரண்டாம் பக்கம் முன்னால் போய்விடும். டி.சி.பி. நெறிமுறையில் இப்படி வரிசை மாறினால், இடையில் ஏதோ தொலைந்துவிட்டது என்று அனுப்புநர் தவறாக எண்ணி, வேகத்தைக் குறைத்துவிடலாம்.

அதனால் இயங்குதளம் வேறு வழி பிடிக்கிறது. அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, இருபக்கத்து போர்ட் எண்கள் ஆகிய நான்கையும் கலந்து ஓர் எண்ணைக் கணக்கிடும். அந்த எண்தான் கோரைத் தீர்மானிக்கும். ஒரே இணைப்பின் பொட்டலங்களுக்கு ஒரே எண் வருவதால் அவை ஒரே கோருக்குப் போகும், வரிசையும் கலையாது. தேர்வு எண்ணின் கடைசி இலக்கத்தைப் பார்த்துத் தாள்களைப் பிரிப்பது போலத்தான்.

இதை நெட்வொர்க் கார்டே செய்தால் ஆர்.எஸ்.எஸ். எனப்படும். அந்த வசதி இல்லாத கார்டுகளுக்காக, லினக்ஸ் 2.6.35 பதிப்பில் (2010) ஆர்.பி.எஸ். வந்தது. இதில் மென்பொருளே பிரிக்கிறது. கூடவே வந்த ஆர்.எஃப்.எஸ்., தரவைக் கேட்ட நிரல் எந்தக் கோரில் ஓடுகிறதோ அங்கேயே பொட்டலத்தை அனுப்பப் பார்க்கும். ஆர்.பி.எஸ். தானாக இயங்காது, எந்தெந்தக் கோர் என்று நாம் சொல்ல வேண்டும். முதல் நான்கு கோர் என்றால் இரும எண்ணில் 1111, பதினறும எண்ணில் 'எஃப்'. கணினி அறிவியல் மாணவர்களுக்கு இது பழகிய கணக்குதான்.

சரி, அந்த வாக்கியத்துக்கு வருவோம். ஒரே ஒரு பெரிய கோப்பை ஓர் இணைப்பில் இறக்கினால், அந்தப் பொட்டலங்கள் பெரும்பாலும் ஒரே கோரில்தான் நிற்கும். வீட்டு இணையத்துக்கு அந்த ஒன்றே பொதுவாகப் போதும். வேகத்தைக் கட்டுப்படுத்துவது இணைய இணைப்புதான். ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வந்து நிற்கும் சேவையகத்தில்தான் இந்தப் பங்கீட்டின் பலன் தெரியும். "பல இணைப்புகளைக் கையாளும் சேவையகத்துக்குப் பல கோர்கள் உதவும்" என்று எழுதியிருந்தால் அவருக்கு முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன்.

இதை விளக்கியதும் அவர் விடவில்லை. "அப்போ நாலு இணைப்பு போட்டு இறக்கினா, டீச்சர்?" என்றார். நல்ல கேள்வி. நான்கும் நான்கு கோர்களுக்குப் போகலாம். இரண்டு இணைப்புகள் ஒரே கோரில் போய் விழவும் செய்யலாம்.