கொம்பை எண்ணி வாங்காதீர்கள்! வீட்டுக்கு ஏற்ற 'வை-பை' பெட்டி எது?

குடும்பத் தலைவர் கடைக்குப் போகிறார். கண்ணாடி அலமாரியில் 'ரவுட்டர்' பெட்டிகள் வரிசையாக இருக்கின்றன. ஒன்றுக்கு இரண்டு ஆன்டெனாக் கொம்பு. இன்னொன்றுக்கு நாலு கொம்பு. மூலையில் ஒன்று, எட்டுக் கொம்புடன் சிலந்தி போல் நிற்கிறது.

"இதை வாங்குங்க சார்! வீடு பூரா பறக்கும்!" என்கிறார் கடைக்காரர்.

எட்டுக் கொம்பு வீட்டுக்கு வருகிறது. பல ஆயிரம் ரூபாய் போகிறது. ஆனால் பின் அறையில் உட்கார்ந்து படிக்கும் மகளின் ஆன்லைன் வகுப்பு, முன்போலவே பாதியில் நின்றுவிடுகிறது!

பெட்டியில் கோளாறு இல்லை. வீட்டைப் பார்க்காமல், பெட்டியை மட்டும் பார்த்து வாங்கியதுதான் கோளாறு.

குட்டி ரேடியோ நிலையம்

ரவுட்டர் என்பது ஒரு குட்டி ரேடியோ நிலையம். தெருவில் இருந்து கம்பி வழியாக வரும் இன்டர்நெட்டை அது ரேடியோ அலையாக மாற்றி வீட்டுக்குள் பரப்புகிறது. செல்போனும், டி.வி.யும், லேப்டாப்பும் அந்த அலையைப் பிடித்துக்கொள்கின்றன. அவையும் பதிலுக்கு அலை அனுப்புகின்றன.

வீட்டில் ரேடியோ பெட்டி வைத்திருந்தாலே தபால் ஆபீசில் பணம் கட்டி லைசென்சு வாங்கவேண்டிய காலம் நம் நாட்டில் இருந்தது. இன்று வீட்டுக்கு வீடு ஒரு ரேடியோ நிலையமே இருக்கிறது. லைசென்சு கிடையாது!

சைக்கிளும் காரும்

சாதாரணமாக இந்தப் பெட்டிகள் இரண்டு வகை அலைகளைப் பரப்பும். ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ். மற்றொன்று 5 கிகாஹெர்ட்ஸ்.

2.4 என்பது சைக்கிள் மாதிரி. சந்துபொந்தெல்லாம் நுழையும். சுவரைத் தாண்டித் தூரம் போகும். ஆனால் வேகம் குறைவு. நெரிசலும் அதிகம். பக்கத்து வீட்டு ரவுட்டர், புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாமே இந்தப் பாதையில்தான் வருகின்றன.

5 என்பது கார் மாதிரி. அகலமான ரோட்டில் பறக்கும். சுவர் குறுக்கே வந்தால் சோர்ந்துவிடும்.

வீட்டுக்கு இரண்டும் வேண்டும். இரண்டும் உள்ள பெட்டியை 'டூயல் பேண்ட்' என்பார்கள். 2.4 மட்டும் உள்ள பெட்டி மலிவாகக் கிடைக்கும். அதை வாங்கவேண்டாம்.

பீரோதான் எதிரி!

அலைக்கு எதிரிகள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள். கம்பி கட்டிய கான்கிரீட் சுவர் ஓர் எதிரி. இரும்பு பீரோ இன்னோர் எதிரி. ஆளுயரக் கண்ணாடியும், மீன் தொட்டியும் கூடத்தான்!

பல வீடுகளில் ரவுட்டர் எங்கே இருக்கிறது? வாசல் கதவுக்குப் பக்கத்தில். அல்லது டி.வி.க்குப் பின்னால். அல்லது அலமாரிக்குள்ளே. கம்பி எந்தப் பக்கம் வந்ததோ, அங்கேயே ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். குடத்துக்குள் வைத்த விளக்குதான்!

ஆகவே, புதுப் பெட்டி வாங்கும் முன் காசில்லாத சோதனை ஒன்று செய்யுங்கள். இப்போது இருக்கும் பெட்டியை வீட்டின் நடுப்பகுதிக்குக் கொண்டுவாருங்கள். மார்பு உயரத்துக்கு மேலே, திறந்த இடத்தில் வையுங்கள். கம்பி எட்டாவிட்டால், கொஞ்சம் நீளமான கம்பி போடச் சொல்லுங்கள். பிறகு செல்போனைக் கையில் எடுத்துக்கொண்டு அறை அறையாக நடந்து பாருங்கள். எல்லா அறையிலும் கிடைக்கிறதா? புதுப் பெட்டியே வேண்டாம்!

கொம்பைப் பற்றி ஒரு வார்த்தை. அலை கொம்பின் நுனியில் இருந்து பாய்வதில்லை. பக்கவாட்டில்தான் பரவுகிறது. கொம்பு நேராக நின்றால் அதே தளத்தில் உள்ள அறைகளுக்கு நல்லது. கொம்பு கூடினால் தூரம் கூடும் என்று சொல்லமுடியாது. ஒரு பெட்டி எவ்வளவு சக்தியுடன் அலை பரப்பலாம் என்பதற்குச் சட்டமே வரம்பு வைத்திருக்கிறது.

1200 எங்கே போயிற்று?

பெட்டியின் மேல் '1200' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அந்த வேகம் கைக்குக் கிடைக்குமா? கிடைக்காது.

2.4 அலையில் 300. 5 அலையில் 867. இரண்டையும் கூட்டி, சில்லறையைச் சரிக்கட்டி, 1200 என்று போட்டுவிடுகிறார்கள். ஒரு செல்போன் சாதாரணமாக ஒரு நேரத்தில் ஒரு அலையைத்தான் பிடிக்கும். அந்த 867-ம் தடையே இல்லாத இடத்துக் கணக்கு.

இன்னொரு சங்கதி. கம்பெனிக்கு 100 மெகாபிட் வேகத்துக்குப் பணம் கட்டியிருந்தால், எந்தப் பெட்டி வாங்கினாலும் இன்டர்நெட் அதற்கு மேல் ஓடாது. குழாயில் வரும் தண்ணீர் ஒன்றுதான். அண்டாவைப் பெரிதாக்கி என்ன பயன்?

நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. மலிவான சில பெட்டிகளில், கம்பி சொருகும் துளை 100 மெகாபிட்டுக்கு மேல் தாங்காது. 300-க்குப் பணம் கட்டுகிறவர் அதை வாங்கினால் மாதாமாதம் நஷ்டம்! "கிகாபிட் துளை இருக்கிறதா?" என்று கேட்டு வாங்குங்கள்.

ஆறா, ஏழா?

வை-பைக்குத் தலைமுறை உண்டு. 'வை-பை 6' பெட்டிகளுக்கு 2019-ல் சான்று கொடுக்க ஆரம்பித்தார்கள். 'வை-பை 7' 2024 ஜனவரியில் வந்தது.

ஆறாவது தலைமுறையின் சிறப்பு, ஒரே நேரத்தில் பல கருவிகளுக்கு ஈடுகொடுப்பது. அப்பா, அம்மா, பிள்ளைகள், டி.வி., கேமரா என்று பத்துக் கருவிகள் ஓடும் வீட்டுக்கு அது போதும். ஏழின் முழுப்பலன் வேண்டுமானால், கையில் உள்ள போனும் ஏழாக இருக்கவேண்டும்.

மாடி வீடா?

மாடிக்கு ஒரு பெட்டி எட்டவில்லை என்றால், அலையை வாங்கித் திருப்பி அனுப்பும் 'ரிப்பீட்டர்' விற்கிறார்கள். விலை குறைவு. ஆனால் சாதாரண ரிப்பீட்டரில் வேகம் பாதியாகக் குறையலாம்.

இரண்டு மூன்று பெட்டிகள் கைகோத்து வேலை செய்யும் 'மெஷ்' முறை அதைவிட நல்லது. மாடிக்கு ஒரு கம்பி இழுத்து, அங்கே இன்னொரு பெட்டி வைப்பது எல்லாவற்றிலும் நல்லது. புது வீடு கட்டுகிறவர்கள், கரண்டுக் குழாய் பதிக்கும்போதே இதற்கும் தனியாக ஒரு குழாய் பதித்துவிடுங்கள்.

திறந்த கதவு

வேகத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. அதுதான் பூட்டு.

2016-ம் ஆண்டு. 'மிராய்' என்ற கள்ளப் புரோகிராம் உலகம் எங்கும் வீட்டு ரவுட்டர்களிலும் கேமராக்களிலும் புகுந்தது. எப்படிப் புகுந்தது? கம்பெனியில் போட்டு அனுப்பும் பெயரும் பாஸ்வேர்டும் அப்படியே மாற்றாமல் இருந்தன. அப்படிப்பட்ட அறுபதுக்கு மேற்பட்ட ஜோடிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. கதவு திறந்துகொண்டது!

அந்த அக்டோபரில் அமெரிக்காவின் பெரிய இணையதளங்கள் பல மணி நேரம் முடங்கின. நவம்பரில், அதே இனத்தைச் சேர்ந்த இன்னொரு புரோகிராம் ஜெர்மனியில் சுமார் 9 லட்சம் வீடுகளின் இணைப்பைக் குலைத்தது. மிராயை உருவாக்கிய 3 வாலிபர்கள் 2017-ல் அமெரிக்கக் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

உங்கள் இணைப்பில் வேறு ஒருவன் புகுந்து குற்றம் செய்தால், போலீஸ் விசாரணை முதலில் வருவது உங்கள் வாசலுக்குத்தான். ஆகவே பெட்டியைப் பொருத்திய அன்றே பாஸ்வேர்டை மாற்றுங்கள். செல்போன் நம்பரும், பிள்ளையின் பெயரும் வேண்டாம். பூட்டு வகையில் 'டபிள்யூ.பி.ஏ.3' இருந்தால் அதையே போடுங்கள். விருந்தாளிகளுக்கு என்று தனி இணைப்பு வைக்கும் வசதி இருந்தால், அதை மட்டும் கொடுங்கள். புதுப் புரோகிராமைத் தானே இறக்கிக்கொள்ளும் பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள். பழைய ஓட்டைகளை அடைப்பது அதுதான்.

கடையில் கேட்க வேண்டியவை

1. இரண்டு அலையும் உண்டா?

2. வை-பை 6-ஆ?

3. துளைகள் கிகாபிட்டா?

4. டபிள்யூ.பி.ஏ.3 பூட்டு உண்டா? புதுப் புரோகிராம் எத்தனை வருஷம் வரும்?

5. வீட்டில் உள்ள இணைப்புக்குப் பொருந்துமா? (கண்ணாடி இழைக் கம்பியைச் சாதாரண ரவுட்டரில் நேராகச் சொருக முடியாது. கம்பெனி கொடுத்த பெட்டிக்குப் பின்னால்தான் இதை இணைக்கவேண்டும்.)

6. கரண்டு போனால் என்ன செய்வது? (ரவுட்டருக்கு என்றே சின்ன யு.பி.எஸ். கிடைக்கிறது. பெட்டியின் வோல்ட்டையும் ஆம்பியரையும் குறித்துக்கொண்டு போங்கள். கம்பெனி பெட்டிக்கும் சேர்த்து வாங்குங்கள். ஒன்று அணைந்தாலும் இணைப்பு போய்விடும்.)

இந்த ஆறுக்கும் சரியான பதில் சொல்லும் பெட்டிக்கு இரண்டே கொம்பு இருந்தாலும் தயங்காமல் வாங்கலாம்.