சத்தம் போடாத பெல்ட்

மாணவர்களே, உங்கள் வீட்டிலோ தாத்தா வீட்டிலோ பத்து, பதினைந்து வயதான கார் இருக்கிறதா? இருந்தால் இந்த வாரக் கட்டுரை உங்களுக்குத்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் என் அப்பாவின் பழைய கார் காலையில் கிளப்பும்போதெல்லாம் 'கீச்' என்று அலறியது. தெருவே திரும்பிப் பார்க்கும். அப்பா அதைப் பட்டறைக்குக் கொண்டுபோய் ஒரு பெல்ட்டை மாற்றினார். சத்தம் நின்றது. எங்களுக்கும் நிம்மதி.

மூன்று மாதம் கழித்து, தீபாவளிக்கு முதல் நாள், வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் தாப்பாவைத் தாண்டியதும் எஞ்சின் திடீரென்று நின்றுபோனது. அதற்கு முன் ஒரு முனகல்கூட இல்லை. அவசரத் தடத்தில் இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். இழுவை வண்டி கொண்டுபோய்ச் சேர்த்த பட்டறையில் மெக்கானிக் எஞ்சினைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணே, கத்துன பெல்ட்ட மாத்திட்டீங்க. கத்தாத பெல்ட்ட மறந்துட்டீங்க."

அவர் சொன்ன இரண்டு பெல்ட்டுகளையும் பார்ப்போம்.

கத்தும் பெல்ட்

எஞ்சினின் வெளிப்புறத்தில் கண்ணுக்குத் தெரியும் பெல்ட், மின்னாக்கி, குளிர்சாதனக் கருவி போன்றவற்றைச் சுழற்றுகிறது. இதைத் தாங்கிப் பிடிப்பது உராய்வு மட்டுமே. பெல்ட் தளர்ந்தாலோ, தேய்ந்தாலோ, மழையில் நனைந்தாலோ சக்கரத்தின்மேல் ஒட்டும், வழுக்கும், மீண்டும் ஒட்டும். இது ஒரு வினாடியில் பல நூறு முறை நடப்பதால் பெல்ட் அதிர்ந்து 'கீச்' என்ற ஒலி பிறக்கிறது. பலகையில் சுண்ணக்கட்டி கிறீச்சிடுவதும், வயலின் கம்பி வில்லால் ஒலிப்பதும் இதே முறையில்தான். குளிர்சாதனத்தைப் போட்டதும் சத்தம் கூடினால் சந்தேகம் இந்தப் பெல்ட்டின் மேல்தான், ஏனென்றால் அதன் சுமை அப்போது கூடுகிறது.

மற்ற சத்தங்களுக்கும் பொருள் உண்டு. மேல்பகுதியிலிருந்து வரும் மெல்லிய 'டிக் டிக்' பெரும்பாலும் வால்வுப் பகுதியைச் சேர்ந்தது. எண்ணெய் குறைந்திருந்தாலும் இது வரும். கீழ்ப்பகுதியிலிருந்து வரும் கனமான 'டொக் டொக்' ஆபத்தானது. உள்ளே தாங்கிகள் தேய்ந்திருக்கலாம். எஞ்சினை உடனே நிறுத்த வேண்டும். வேகம் கூடக்கூட உயரும் 'ஊங்' என்ற முனகல், சுழலும் பாகம் ஒன்றின் பேரிங் தேய்ந்ததைக் காட்டும்.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க அனுபவமுள்ள மெக்கானிக் நீண்ட திருப்புளியின் நுனியை எஞ்சினில் வைத்து, கைப்பிடியைக் காதருகே வைத்துக் கேட்பார். காற்றில் எல்லாச் சத்தமும் கலந்து வருகிறது. இரும்பின் வழியாகவோ, நுனி தொடும் இடத்தின் அதிர்வு நேராகக் காதுக்கு வருகிறது. நீங்கள் மேசையில் காதை வைத்து, மறுமுனையை நண்பரை விரலால் தட்டச் சொல்லுங்கள், வேறுபாடு தெரியும். ஓடும் எஞ்சினில் மட்டும் இதைச் செய்து பார்க்காதீர்கள். விரல், தலைமுடி, கழுத்துப்பட்டை எல்லாவற்றுக்கும் அது ஆபத்து.

கத்தாத பெல்ட்

இரண்டாவது பெல்ட்டின் பெயர் டைமிங் பெல்ட். பல எஞ்சின்களில் இது பிளாஸ்டிக் மூடிக்குள் மறைந்திருக்கும். பெருமளவில் தயாரிக்கப்பட்ட கார்களில், ஜெர்மனியில் 1962இல் வெளிவந்த கிளாஸ் 1004 என்ற கார்தான் இதை முதலில் பயன்படுத்தியது. நம் நாட்டில் 1985இல் வந்த முதல் புரோட்டோன் சாகா, 1994இல் வந்த பெரோடுவா கஞ்சில் இரண்டிலும் இதே ஏற்பாடுதான். 2005இல் வந்த மைவியில் பெல்ட்டுக்குப் பதில் இரும்புச் சங்கிலி இருக்கிறது.

இதன் வேலை என்ன? பிஸ்டன்கள் கிரேங்க் தண்டைச் சுழற்றுகின்றன. வால்வுகளைத் திறப்பது கேம் தண்டு. நான்கு வீச்சு எஞ்சினில் கிரேங்க் தண்டு இரண்டு முறை சுழன்றால் கேம் தண்டு சரியாக ஒரு முறை சுழல வேண்டும். இந்தத் தாளத்தைக் காப்பதே டைமிங் பெல்ட். கிரேங்க் சக்கரத்தில் 24 பற்கள் என்றால் கேம் சக்கரத்தில் 48 இருக்கும். பெல்ட் ஒரே ஒரு பல் நழுவினால்கூட கிரேங்க் தண்டின் கணக்கில் 360 ÷ 24 = 15 பாகை பிழை. எஞ்சின் உதறும், இழுவை குறையும்.

இந்தப் பெல்ட்டில் பற்கள் இருப்பதால் அது வழுக்குவதில்லை. எனவே கீச்சிடுவதும் இல்லை. அதன் வலிமை ரப்பருக்குள் இருக்கும் கண்ணாடி இழைக் கயிறுகளில் இருக்கிறது. அவை உள்ளுக்குள்ளேயே ஒவ்வொன்றாக அறுந்தால் வெளியே கேட்காது. பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் உருளையின் பேரிங் தேய்ந்தால் சில நேரம் முனகல் வரும். அதுவும் எப்போதும் வரும் என்று சொல்ல முடியாது.

நெடுஞ்சாலையில் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 முறை சுழல்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வால்வும் வினாடிக்கு 25 முறை திறந்து மூடும். அந்நேரம் பெல்ட் அறுந்தால் கேம் தண்டு நின்றுவிடும். கிரேங்க் தண்டு உடனே நிற்காது. பல எஞ்சின்களில் பிஸ்டன் மேலே வரும்போது, பாதி திறந்த நிலையில் நின்றுபோன வால்வுகளில் மோதி அவற்றை வளைத்துவிடும். அப்பாவின் காரில் எட்டு வால்வுகள் வளைந்திருந்தன. பெல்ட்டை மாற்றச் சில நூறு ரிங்கிட் போதும். அப்பா ஆயிரக்கணக்கில் செலவழித்தார். வேறு சில எஞ்சின்களில் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடைவெளி இருக்கும். அவை நின்றுபோவதோடு சரி.

ஓடும்போது நின்றுபோன எஞ்சினை மறுபடி கிளப்பும்போது வழக்கமான திணறல் இல்லாமல் லேசாக, வேகமாகச் சுழன்றால் பெல்ட் அறுந்திருக்கலாம். திரும்பத் திரும்பக் கிளப்ப வேண்டாம், சேதம் கூடும்.

காது கேட்காததைக் கணக்கு சொல்லும்

அப்படியென்றால் எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு சிறு கணக்குப் போடுவோம். 100,000 கிலோமீட்டரை மணிக்கு 50 கிலோமீட்டர் சராசரியில் ஓட்டினால் 2,000 மணி நேரம், அதாவது 120,000 நிமிடம். நிமிடத்துக்கு 2,000 சுழற்சி என்றால் கிரேங்க் தண்டு 240 மில்லியன் முறை சுழன்றிருக்கும். அத்தனை முறையும் இழுபட்டது அந்த ரப்பர்தான். அதனால்தான் பல பழைய கார்களின் கையேடுகள், பெல்ட் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் குறிப்பிட்ட தூரம் வந்ததும் மாற்றச் சொல்கின்றன. ஆண்டுக் கணக்கும் உண்டு. அதிகம் ஓடாத காரிலும் வெப்பத்தாலும் வயதாலும் ரப்பர் இறுகி வெடிக்கும். எண்ணெய் கசிந்து பெல்ட்டில் பட்டால் இன்னும் சீக்கிரம் கெடும்.

அறிவியலில் சான்று இல்லை என்பதும் குறை இல்லை என்பதும் ஒன்றல்ல. சத்தம் வரவில்லை என்றால் நம் காதுக்கு எதுவும் கேட்கவில்லை என்று மட்டுமே பொருள்.

இந்த வாரம் வீட்டில் மூன்று கேள்விகள் கேளுங்கள். நம் காரில் இருப்பது பெல்ட்டா, சங்கிலியா? பெல்ட் என்றால் கடைசியாக எந்த ஆண்டு, எத்தனையாவது கிலோமீட்டரில் மாற்றினோம்? கையேடு எத்தனை கிலோமீட்டரில் மாற்றச் சொல்கிறது? யாருக்கும் பதில் தெரியாவிட்டால், பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் புறப்படும் முன் காரைப் பட்டறைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

என் அப்பா இப்போது காரில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார். அதன் முதல் பக்கத்தில் பெல்ட் மாற்றிய தேதியும் கிலோமீட்டரும் சிவப்பு மையில் எழுதியிருக்கிறது.