மாமரத்துக்குள் ஒரு மீசைக்காரன்!

தருமபுரி மாந்தோப்புக்காரர்களின் வயிற்றில் புளியைக் கரைப்பது இரண்டங்குல வண்டு ஒன்று. தண்டுத் துளைப்பான் என்று பெயர். உடலைவிட மீசை நீளம்! கழுத்துப் பக்கம் இரண்டு செம்மஞ்சள் புள்ளிகள். 1775-ல் இதை விவரித்தவர் டி கீர் என்ற ஸ்வீடன் நாட்டு அறிஞர். இலங்கையிலும் உண்டு, இஸ்ரேலில் அத்தி மரத்தைப் பிடித்தது, கடல் கடந்து போர்ட்டோ ரிக்கோ வரை போயிருக்கிறது. பலே யாத்திரைக்காரன்தான்!

ஆனால், மரத்தைக் கொல்வது வண்டல்ல, அதன் புழு. பட்டையில் இட்ட முட்டையிலிருந்து வெளிவந்து, மாதக் கணக்கில் உள்ளேயே குடையும். கிளை வாடிய பிறகு விழித்துக்கொண்டு பயனில்லை. அடிமரத்தில் மரத்தூள் கொட்டிக் கிடக்கிறதா என்று பாருங்கள். துளைக்குள் கம்பிக் கொக்கியை விட்டுப் புழுவை இழுத்தெடுத்து, களிமண்ணால் அடைத்துவிட வேண்டும். வண்டுகளைப் பிடிக்க இரவில் விளக்குப் பொறி வைப்பதுண்டு. அடைத்த இடத்தருகே மறுபடியும் புதுத்தூள் விழுந்தால், உள்ளே இன்னொருவன் இருக்கிறான்!