குறைந்த மின்னழுத்தத்தின் விலை

சாரல் காலத்தில் குற்றால விடுதியொன்றின் கீசரை எடுத்துக்கொள்வோம். 230 வோல்ட்டில் அது 10 ஆம்பியர் இழுத்தால், வகுத்தால் கிடைக்கும் மின்தடை 23 ஓம். பெருக்கினால் கிடைக்கும் திறன் 2,300 வாட். பொருளியல் படித்தவனுக்கும் எட்டுகிற கணக்குதான். மின்தடை ஏறத்தாழ மாறாது. எனவே மின்னழுத்தம் 184 வோல்ட்டாகச் சரிந்தால் மின்னோட்டம் 8 ஆம்பியராகும். திறன் 1,472 வாட்டாகிவிடும். ஐந்தில் ஒரு பங்கு அழுத்தம் குறைய, மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் திறன் போய்விடுகிறது. சுற்றுலாப் பயணி வெந்நீருக்குச் சற்றுக் கூடுதலாகக் காத்திருப்பார், அவ்வளவுதான்.

தென்காசி வயல்களின் பம்புசெட் அப்படியன்று. சுமை குறையாத நிலையில், அழுத்தக் குறைவை ஈடுகட்ட மோட்டார் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும். சுருளில் எழும் வெப்பமோ மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கேற்ப ஏறும், காயில் கருகும். தமிழகத்தில் 1990 முதல் உழவர்கள் அனைவருக்கும் பாசன மின்சாரம் இலவசம். காயில் கட்டும் கூலி மட்டும் உழவருடையது. அது எந்த மானியக் கணக்கிலும் ஏறுவதில்லை.